சீகன்பால்கு தரங்கம்பாடியில் ஒரு நாளை எப்படிக் கழித்தார்?

மதுரை வாசகி:

அனைவருக்கும் வணக்கம். ஜூலை 9ஆம் தேதியை ஒட்டி எங்கள் சபையின் வாலிபர் ஐக்கியத்தில் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்குவைக் குறித்துப் பேசும் பொறுப்பை ஆயர் என்னிடம் கொடுத்திருக்கிறார். 1706ஆம் ஆண்டு அந்த நாளில்தான் அவர் தரங்கம்பாடியை வந்தடைந்தார் என்பதும், புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்து அச்சேற்றினார் என்பதும் எங்கள் பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பள்ளிக் காலத்திலிருந்தே மனப்பாடம்.

ஆனால் சென்ற வாரம் நடந்த ஆயத்தக் கூட்டத்தில், செவிலியர் படிப்பை முடித்துவிட்டு வெளிநாட்டு ஊழியத்துக்குப் புறப்பட இருக்கும் பெண் ஒருத்தி வேறொன்றைக் கேட்டாள். “அக்கா, அவர் வந்து இறங்கியபோது அவருக்கு ஏறக்குறைய என் வயதுதான். மொழி தெரியாது, ஊரில் ஒருவரையும் தெரியாது. விடிந்து எழுந்தது முதல் இரவு படுக்கும் வரை அவர் என்னதான் செய்தார்? யாரோடு பேசினார், எந்த மொழியில் பேசினார்? எனக்கு அதைச் சொல்லுங்கள்” என்றாள். எங்கள் சபை நூலகத்தில் இருக்கும் நூல்கள் அவர் முதன்முதலாகச் செய்தவற்றை வரிசைப்படுத்துகின்றனவே தவிர, ஒரு சாதாரண நாள் அவருக்கு எப்படிக் கழிந்தது என்பதைச் சொல்வதில்லை. அவருடைய கடிதங்களில் அப்படி ஏதேனும் பதிவு உண்டா? இதை ஆழ்ந்து படித்தவர்கள் விளக்கினால் பெரிதும் நன்றியுடையவளாக இருப்பேன்.

சுவடிப்பித்தன்:

சகோதரி, அந்தப் பெண்ணின் கேள்விக்கு அவரே விடை எழுதி வைத்திருக்கிறார். 1708ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஐரோப்பாவுக்கு அனுப்பிய கடிதம் ஒன்றில், தம்முடைய நாள் எப்படிக் கழிகிறது என்பதை மணி வாரியாக விவரிக்கிறார். அப்போது அவர் இங்கு வந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன.

காலை ஜெபம் முடிந்தபின் 6 மணி முதல் 7 மணி வரை லூத்தரின் ஞானோபதேசத்தை, அதாவது வினாவிடை வடிவில் அமைந்த விசுவாசப் பாடத்தை, விளக்கிச் சொல்வார். 7 முதல் 8 வரை, முன்னரே கற்று எழுதி வைத்திருந்த சொற்களையும் தொடர்களையும் திரும்பவும் சொல்லிப் பார்ப்பார். 8 மணிக்கு உட்கார்ந்தால் நண்பகல் 12 மணி வரை, அதுவரை தாம் வாசித்திராத தமிழ் நூல்களை மட்டுமே எடுத்து வாசிப்பார். அந்த நான்கு மணி நேரமும் வயது முதிர்ந்த புலவர் ஒருவரும் எழுத்தர் ஒருவரும் உடன் இருப்பார்கள். புதிய சொல்லோ சொற்றொடரோ வந்த உடனே எழுத்தர் அதைக் குறித்துக்கொள்வார்; செய்யுள் கடினமாக இருந்தால் புலவர் அதைப் பேச்சுவழக்கில் விரித்துச் சொல்வார். உணவருந்தும்போதும் ஒருவர் அருகில் அமர்ந்து அவருக்குப் படித்துக் காட்டுவார். பிற்பகல் 3 முதல் 5 வரை மீண்டும் தமிழ் நூல்கள். இரவு 7 முதல் 8 வரை, விளக்கொளியில் கண்ணை வருத்திக்கொள்ளாமல் இருப்பதற்காக, வேறொருவர் நூலைப் படிக்க இவர் கேட்டுக்கொண்டிருப்பார்.

கூட்டிப் பாருங்கள்: தமிழ் கற்பதற்கு மட்டும் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், அதுவும் உணவு வேளையைச் சேர்க்காமல். தம் பேச்சிலும் எழுத்திலும் எந்த ஆசிரியரின் நடையைப் பின்பற்றலாம் என்று தோன்றியதோ அவரைத் தேடித் தேடி வாசித்ததாகவும், சில நூல்களை நூறு முறை வரை படித்ததாகவும், அவற்றில் தமக்குத் தெரியாத சொல் ஒன்றும் மிஞ்சவில்லை என்று ஆகும்வரை விடவில்லை என்றும் அதே கடிதத்தில் சொல்கிறார். மிஷனரி என்றவுடன் தெருமுனையில் நின்று பிரசங்கிக்கும் ஓர் உருவமே நம் மனத்தில் எழுகிறது. தொடக்க ஆண்டுகளில் சீகன்பால்குவின் பகற்பொழுதில் பெரும்பகுதி, ஒரு தமிழ்ப் புலவரின் முன்னால் மாணவனாக உட்கார்ந்திருந்த பொழுதுதான். உங்கள் பேச்சில் முதலில் வர வேண்டியது இதுவே என்பது என் கருத்து.

தொடக்கம் இன்னும் எளிமையானது. சீகன்பால்குவும் அவரோடு வந்த ஹைன்ரிக் புளுட்சோவும் கரையோர நகரங்களில் அப்போது பொதுமொழியாக வழங்கிய போர்த்துக்கீசியத்தைக் கற்கத் தொடங்கினார்கள். தமிழுக்காக, சுமார் எழுபது வயதுள்ள திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் பள்ளிப் பிள்ளைகளோடு தங்கள் வீட்டுக்கே வந்து பாடம் நடத்தும்படி ஏற்பாடு செய்துகொண்டு, அந்தச் சிறுவர்களுக்கு நடுவே தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுத்தெழுதிப் பழகினார்கள். ஆசிரியருக்கோ போர்த்துக்கீசியம் தெரியாது. எழுத்து வந்ததே ஒழிய சொல்லின் பொருள் விளங்கவில்லை. அதன் பிறகே, தரங்கம்பாடியை நிர்வகித்த டேனிஷ் வணிகக் கம்பெனியில் தலைமை மொழிபெயர்ப்பாளராக இருந்த அழகப்பன் என்பவரை அழைத்துக்கொண்டார்கள். அவருக்குப் போர்த்துக்கீசியம், டேனிஷ், டச்சு, ஜெர்மன் ஆகிய மொழிகளில் பேசும் பயிற்சி இருந்தது. 1707ஆம் ஆண்டு ஆகஸ்டு 14ஆம் தேதி அவர்கள் கட்டிய முதல் ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டபோது தமிழிலும் போர்த்துக்கீசியத்திலும் பிரசங்கம் நடந்தது என்றால், இடைப்பட்ட பதின்மூன்று மாதங்களில் நடந்த உழைப்பை ஊகித்துக்கொள்ளலாம்.

நூல்கள் எங்கிருந்து வந்தன என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கடைக்குப் போய் வாங்கும் காலம் அல்ல அது; எல்லாம் ஓலைச்சுவடிகள். தம்மிடம் இருந்த எழுத்தர்களைப் பல நாள் நடைத் தொலைவில் இருந்த ஊர்களுக்கு அனுப்பி, பிராமண விதவைகளின் வீடுகளில் கிடந்த சுவடிகளை விலைக்கு வாங்கிவரச் செய்தார். விலைக்குக் கிடைக்காதவற்றைப் படியெடுக்க வைத்தார். 1708இல் அவர் தயாரித்த நூற்பட்டியலில் தமிழ்ச் சமய, இலக்கிய நூல்கள் மட்டும் 119 இடம்பெற்றிருக்கின்றன. ஒவ்வொன்றையும் குறித்துத் தம் மதிப்பீட்டையும் எழுதினார். அதே ஆண்டில் கொன்றைவேந்தன், உலகநீதி, நீதிவெண்பா ஆகிய மூன்றையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். திண்ணைப் பள்ளிச் சிறுவன் எதை முதலில் படிப்பானோ அதையே இவரும் முதலில் எடுத்துக்கொண்டார் என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் செய்தி.

பொறையாறு மண்:

மேலே நண்பர் எழுதியிருப்பது அனைத்தும் உண்மை. ஆனால் அந்தக் கால அட்டவணையை மட்டும் படித்தால், அமைதியான ஒரு மடத்தில் உட்கார்ந்து அவர் படித்துக்கொண்டிருந்தார் என்ற எண்ணம் பிள்ளைகளுக்கு வந்துவிடும். எங்கள் ஊரிலிருந்து தரங்கம்பாடி கூப்பிடு தூரம். கோட்டையையும் இராஜ வீதியையும் பார்த்து வளர்ந்தவன் என்ற முறையில் அந்த நாளின் இன்னொரு பக்கத்தையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

தரங்கம்பாடி 1620ஆம் ஆண்டு தஞ்சை இரகுநாத நாயக்கரோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி டேனிஷ்காரர்கள் வசம் வந்த ஊர். டான்ஸ்போர்க் கோட்டைக்குள் அதிகாரம் செலுத்தியது வணிகக் கம்பெனி. மிஷனரிகளை அனுப்பியவரோ டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரடெரிக். அரசர் நேரடியாக அனுப்பிய இரண்டு ஜெர்மானியர்கள், மிளகும் துணியும் நடமாடும் துறைமுகத்தில் வந்து உள்ளூர் மக்களைக் கூட்டி வைத்துப் பேசினால் வாணிபம் கெடும் என்று கம்பெனி அஞ்சியது. வந்து சேர்ந்தவர்களுக்குக் கரையிறங்கவே உடனே அனுமதி கிடைக்கவில்லை. இறங்கிய பிறகும் தளபதி ஹாசியுஸ் வேண்டாவெறுப்பாகச் சந்தித்துவிட்டு, தங்க இடம் காட்டாமல் வீதியிலேயே நிற்கவிட்டார். அந்த நாளின் பிற்பகலை, அடுத்த நாள் இருபத்து நான்கு வயது நிறையப்போகும் ஒருவர், முன்பின் பார்த்திராத ஊரின் தெருவில் நின்றே கழித்திருக்கிறார்.

பகை அதோடு ஓயவில்லை. அவரிடம் முதலில் ஞானஸ்நானம் பெற்ற ஐவரும் டேனிஷ் குடும்பங்களில் அடிமைகளாக இருந்தவர்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், எசமானர்களின் கோபத்துக்கான காரணம் புரியும். அது 1707ஆம் ஆண்டு மே 12ஆம் தேதி நடந்தது. அடுத்த ஆண்டு நவம்பர் 19 அன்று ஹாசியுஸ் அவரைக் கைது செய்து கோட்டைக்குள் அடைத்தார். 1709 மார்ச் 26 வரை நான்கு மாதத்துக்கு மேல் அவர் சிறையில் இருந்தார். நண்பர் குறிப்பிட்ட கால அட்டவணையை எழுதி மூன்று மாதம்கூட ஆகவில்லை. புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை அவர் தொடங்கியது 1708 அக்டோபரில். தொடங்கிய ஒரு மாதத்தில் புலவரும் இல்லை, எழுத்தரும் இல்லை, சுவர் மட்டுமே. ஆயினும் 1711 மார்ச்சில் அந்த மொழிபெயர்ப்பை முடித்துவிட்டார்.

இதில் என் மனத்தை உறுத்துகிற செய்தி ஒன்று உண்டு. சீகன்பால்கு சிறையிலிருந்து விடுதலையானதை ஆண்டுதோறும் பேசுகிறோம். அழகப்பனுக்கு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை. மிஷனரிகளுக்குத் தமிழும் ஊர்ச் செய்தியும் கற்றுக்கொடுத்த குற்றத்துக்காக அவர் தரங்கம்பாடியைவிட்டே வெளியேற்றப்பட்டார். ஐரோப்பியருக்கு அரசரின் பாதுகாப்பு இருந்தது. கப்பலில் ஏறித் திரும்பிச் செல்ல ஓர் ஊர் இருந்தது. அழகப்பனுக்குத் தரங்கம்பாடிதான் ஊர். பின்னாளில், 1712 முதல் 1714 வரை, தமிழ்நாட்டுப் பழக்கவழக்கங்களைப் பற்றி மிஷனரிகள் கேள்விகள் அனுப்ப, தமிழர்கள் விடை எழுதிய 99 கடிதங்கள் ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு ஹாலே நகரில் வெளியாயின. அவற்றில் பெரும்பாலானவற்றை எழுதியவர் அழகப்பன் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்த எழுபது வயதுத் திண்ணைப் பள்ளி ஆசிரியரின் மகன் கணபதி வாத்தியாரும் அப்படித்தான்: கிறிஸ்தவராகி, வேதாகமக் கதைகளைப் பாட்டாக இயற்றிக் கொடுத்து, அதற்காக உற்றார் உறவினரின் எதிர்ப்பைத் தாங்கினார். வெளிநாட்டில் வாழும் இளம் மிஷனரியின் அன்றாட வாழ்க்கையைப் பேசும்போது, அந்த வாழ்க்கையைச் சாத்தியமாக்கிய உள்ளூர் மனிதர்களின் அன்றாட வாழ்க்கைக்கு என்ன நேர்ந்தது என்பதையும் பேசியே ஆக வேண்டும். வெளிநாட்டுக்குப் போக இருக்கும் அந்தப் பெண்ணுக்கு இதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

தென்திசை வாசகன்:

நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவன்; தமிழ் அச்சு வரலாற்றில் உள்ள ஈடுபாட்டினால் சீகன்பால்குவைப் படித்தவன். இரண்டு செய்திகளை மரியாதையோடு முன்வைக்கிறேன்.

முதலாவது, அவர் வந்த புதிதில் நடந்தது. ஊருக்கு வெளியே ஒரு கோயிலில் மண்ணால் செய்த உருவங்களைக் கண்டு, அவற்றுள் சிலவற்றைக் கீழே தள்ளியும் சிலவற்றின் தலையை உடைத்தும், இவற்றுக்குச் சக்தி ஏதும் இல்லை என்று காட்ட முயன்றதாக அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். அருகில் இருந்த ஒருவர், இவை தெய்வங்கள் அல்ல, தெய்வத்தின் காவல் வீரர்கள் என்று அவருக்கு விளக்கம் சொன்னாராம். அந்தச் சிற்றூர்க்காரருடைய நிதானத்தை நினைத்து எனக்குப் பெருமிதம்; அதே வேளையில், குயவர் சூளையில் சுட்டு, ஊரார் நேர்ந்து வைத்த உருவத்தை முந்தாநாள் வந்தவர் ஒருவர் உடைத்தார் என்பதில் வருத்தம் இன்றும் உண்டு. நீங்கள் பேசப்போவது வெளிநாட்டுக்குப் போகும் இளைஞர்களிடம் என்பதால், இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாவது, அதே மனிதர் இரண்டே ஆண்டுகளில் எங்கு வந்து சேர்ந்தார் என்பது. 1708ஆம் ஆண்டு நூற்பட்டியலின் முன்னுரையில், தமிழர்களின் மொழிக்கு இலக்கணம் இருக்கும் என்றோ அவர்கள் ஒழுங்குபட்ட வாழ்க்கை நடத்துவார்கள் என்றோ தாம் முதலில் எண்ணிப் பார்க்கவே இல்லை என்றும், மொழி தெரிந்து நூல்களைப் படித்த பிறகே அந்த எண்ணம் மாறியது என்றும் எழுதுகிறார். கோயிலில் கை ஓங்கியவரை மாற்றியது அந்த எட்டு மணி நேரப் படிப்பு என்றே நான் கொள்கிறேன். 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களின் மரபை விவரித்து ஒரு பெரிய நூலை எழுதி ஹாலேவுக்கு அனுப்பினார். அங்கு அவருடைய ஆசிரியராக இருந்த ஏ. எச். ஃபிராங்கே அதை அச்சிடத் தகாதது என்று கருதினார். அஞ்ஞானத்தை வேரறுக்கத்தான் மிஷனரிகள் அனுப்பப்பட்டார்களே அன்றி அதை ஐரோப்பாவில் பரப்புவதற்கு அல்ல என்பது அவர் எண்ணம். அந்த நூல் 1867இல்தான் சென்னையில் அச்சாயிற்று. சமய நோக்கில் அவரோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆயினும் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர்த் தெய்வங்களின் வழிபாடு எப்படி நடந்தது என்பதை அறிய அவருடைய எழுத்துக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

சிறு குறிப்பு: தமிழில் முதலில் அச்சிட்டவர் சீகன்பால்கு என்று கூட்டங்களில் சிலர் சொல்லிவிடுகிறார்கள். அது சரியல்ல. 1578இலேயே கொல்லத்தில் ஹென்ரீக்கே அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்தில் அச்சாகிவிட்டது.

மதுரை வாசகி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தென்திசை வாசகன் ஐயா சொன்ன கோயில் நிகழ்ச்சியைக் கட்டாயம் சொல்கிறேன். அதைப் பற்றி இதுவரை எந்த மேடையிலும் கேட்டதில்லை. பொறையாற்று அண்ணன் அழகப்பனைப் பற்றி எழுதியதைப் படித்தபின், பேச்சின் அமைப்பையே மாற்ற வேண்டியிருக்கிறது.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். அந்தப் பெண்ணின் தாயார் நேற்று என்னைச் சந்தித்து, “இவள் போன பிறகு நாள்தோறும் வீடியோ அழைப்பில் பேசிவிடுவாள். அந்தக் காலத்தில் அவர் வீட்டாரோடு எப்படித் தொடர்பு வைத்திருந்தார்? பணத்துக்கு என்ன செய்தார்? உடம்புக்கு வந்தால் யார் பார்த்தார்கள்?” என்று கேட்டார். தாயின் கேள்வி அல்லவா, அதற்கும் விடை வேண்டும்.

அச்சுக்கோப்பவன்:

ஓய்வுபெற்ற தமிழாசிரியன் நான். தரங்கம்பாடி அச்சகத்தைப் பற்றிச் சில காலம் தேடிப் படித்ததனால் அம்மையாரின் கேள்விக்கு என்னால் ஓரளவு விடை சொல்ல முடியும்.

வீட்டார் என்று சொல்ல அவருக்கு அதிகம் பேர் இல்லை. சாக்சனியில் புல்ஸ்னிட்ஸ் என்ற சிற்றூரில் பிறந்த அவர் சிறுவயதிலேயே தாயையும் தந்தையையும் இழந்தவர்; மூத்த சகோதரிதான் வளர்த்தார். உடல்நலமும் தொடக்கத்திலிருந்தே சீராக இல்லை. ஹாலேயில் ஃபிராங்கேயிடம் படிக்கச் சென்றவர் நோயினால் படிப்பை இடையில் விட நேர்ந்தது. ஆகவே ஹாலேயில் இருந்த ஆசிரியர்களும் நண்பர்களுமே அவருக்கு வீட்டார். கடிதத் தொடர்பு என்பதோ கப்பலைப் பொறுத்தது. அவர் வந்த ‘சோபியா ஹெட்விக்’ கப்பல் 1705 நவம்பர் இறுதியில் புறப்பட்டு, நன்னம்பிக்கை முனையில் தங்கி, அடுத்த ஆண்டு ஜூலையில்தான் இங்கு வந்தது. ஒரு கேள்வி எழுதினால் அது போய்ச் சேர ஏழெட்டு மாதம். விடை திரும்பி வர இன்னும் அவ்வளவு காலம். காற்று தவறினால் மேலும் ஓராண்டு. அம்மையாரிடம் இதைச் சொல்லும்போது ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: இந்தத் தாமதத்தினால்தான் அவர் அவ்வளவு நீண்ட கடிதங்களை எழுதினார், அவற்றை 1710 முதல் ஹாலேயில் தொகுத்து வெளியிட்டார்கள், அதனால்தான் நாம் இன்று அவர் நாளை மணி வாரியாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

பணம் வந்ததும் அதே கடல் வழியில். ஒருமுறை ஐரோப்பாவிலிருந்து வந்த பணப்பெட்டி கப்பலிலிருந்து கரைக்குக் கொண்டுவரும் வழியில் கடலில் மூழ்கிப்போயிற்று. தாங்கள் நடத்திய பள்ளியின் பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டும், எழுத்தர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், கையில் காசு இல்லை. கடன் வாங்கித்தான் காலம் தள்ளினார்கள். 1709 ஜூலையில் யோகான் எர்ன்ஸ்ட் கிரூண்ட்லர் உள்ளிட்ட மூவர் புதிதாக வந்து சேர்ந்த பிறகே நிலைமை சற்றுத் தேறியது. கிரூண்ட்லர் கடைசிவரை அவருக்கு உற்ற துணையாக இருந்தவர். தமிழ் மருத்துவ முறைகளைப் பற்றி ஜெர்மன் மொழியில் எழுதும் அளவுக்கு இங்குள்ள வைத்தியர்களிடம் கேட்டறிந்தவரும் அவரே.

அச்சகத்தின் கதை தனியே சொல்லத் தக்கது. இலண்டனில் இருந்த எஸ்.பி.சி.கே. என்ற கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கத்தார் அச்சு இயந்திரம் ஒன்றை அனுப்பினார்கள். வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்துக்கொண்டார்கள். மீட்டுக்கொண்டு வருவதற்குள் உடன் வந்த அச்சாளர் இறந்துபோனார். இயந்திரம் வந்தது, இயக்கத் தெரிந்தவர் வரவில்லை. ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713இல் வந்தன. அவை அளவில் மிகப் பெரியவை. அந்த எழுத்தில் நான்கு சுவிசேஷங்களையும் அப்போஸ்தலர் நடபடிகளையும் 1714இல் அச்சிட்டபோதே, மீதியையும் இப்படியே அச்சிட்டால் தாள் போதாது என்பது தெரிந்துவிட்டது. அதனால் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்து, 1715இல் புதிய ஏற்பாட்டை முடித்தார்கள். எழுத்து வார்ப்பதற்கு ஈயம் கிடைக்காமல், கப்பலில் வந்த பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் உலோக மூடிகளை உருக்கிக்கொண்டதாக ஒரு செய்தி வழங்குகிறது. எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துக் கோத்துப் பழகியவர்களுக்குத்தான் அந்தச் சிறிய எழுத்தின் அருமை தெரியும். ஒரு பக்கத்தில் எத்தனை வரி கூடுதலாக அடங்குகிறது, எத்தனை தாள் மிச்சமாகிறது என்பதெல்லாம் அவர்களுக்கு அன்றாடக் கவலையாக இருந்திருக்கும்.

அந்த அச்சு வேலை முடியும்போது சீகன்பால்கு ஊரில் இல்லை. 1714இல் அவர் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டுவிட்டார். வேலையை முடித்தவர் கிரூண்ட்லர். அந்தப் பயணத்தில் சீகன்பால்குவோடு மலையப்பன் என்ற தமிழ் இளைஞரும் சென்றார். கப்பலிலும் தமிழ்ப் படிப்பு நிற்கவில்லை. பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பிலும், 1716இல் ஹாலேயில் அச்சான தமிழ் இலக்கண நூலிலும் மலையப்பனின் உதவி உண்டு. அழகப்பனைப் பற்றி நண்பர் எழுதியதோடு இந்தப் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் வாழும் இளைஞனின் வாழ்க்கை எப்படி இருந்தது என்று கேட்டால், பதினாலு வயதில் தரங்கம்பாடியிலிருந்து ஜெர்மனிக்குப் போய் அந்தக் குளிரில் தமிழ் இலக்கணத்துக்கு உதவிய மலையப்பனும் அந்தக் கேள்விக்கு உரியவரே.

அங்கேயே மரியா டொரொதேயா சால்ஸ்மன் என்பவரை மணந்து சீகன்பால்கு 1716இல் திரும்பி வந்தார். அந்தப் பெண்ணின் தாயார் உடல்நலத்தைப் பற்றிக் கேட்டார் அல்லவா. கடைசி இரண்டு ஆண்டுகளைச் சீகன்பால்கு நோயோடுதான் கழித்தார். உடலைவிட மனத்துக்கு நேர்ந்த காயம் பெரிது என்று நினைக்கிறேன். கோபன்ஹேகனில் மிஷன் நிர்வாகத்தின் செயலராக இருந்த கிறிஸ்டியன் வெண்ட், மிஷனரிகள் அப்போஸ்தலரைப் போல வெறுங்கையோடு ஊர் ஊராகச் செல்ல வேண்டும், ஆலயம் கட்டுவதும் பள்ளி நடத்துவதும் மணம் செய்துகொள்வதும் தகாது என்ற கருத்துடையவர். அவரிடமிருந்து வந்த கண்டனக் கடிதங்கள் நோயாளியின் கைக்கே வந்து சேர்ந்தன. அரிசிக்குக் கடன் வாங்கிப் பள்ளி நடத்தியவரிடம், கடலுக்கு அப்பால் உட்கார்ந்துகொண்டு பள்ளி எதற்கு என்று கேட்பதை என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை. 1719 பிப்ரவரி 23 அன்று 36 வயதில் அவர் காலமானார். கிரூண்ட்லர் அடுத்த ஆண்டே மறைந்தார்.

உங்கள் பெண்ணை அனுப்பும் அமைப்பு எதுவாக இருந்தாலும், அங்கு போனபின் மொழி கற்பதற்கு எவ்வளவு காலம் ஒதுக்குகிறார்கள், நோயுற்றால் பொறுப்பு யாருடையது, பணம் தாமதமானால் என்ன ஏற்பாடு என்ற மூன்றையும் புறப்படுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிவிடும்படி அந்தத் தாயாரிடம் சொல்லுங்கள்.

மதுரை வாசகி:

ஐயா, அப்படியே சொல்லிவிடுகிறேன். அந்த மூன்று கேள்விகளையும் தாளில் எழுதி அவர் கையில் கொடுத்துவிடப் போகிறேன்.

பேச்சை இப்படி அமைக்க எண்ணியிருக்கிறேன்: 1708ஆம் ஆண்டின் கால அட்டவணையைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொரு மணி நேரத்துக்கும் எதிரே, அந்த நேரத்தில் அவரோடு உட்கார்ந்திருந்தவர் யார் என்பதைப் பிள்ளைகளையே எழுதச் சொல்வது, பிறகு கோயில் நிகழ்ச்சி, சிறைவாசம், அழகப்பன், மலையப்பன். கூடுகைக்குப் பின்னர் ஒரு சனிக்கிழமை அவர்களைத் தரங்கம்பாடிக்கு அழைத்துவரவும் விருப்பம். பொறையாற்று அண்ணனுக்கு ஒரு கேள்வி: ஒரே நாளில் பார்த்து முடிக்க முடியுமா?

பொறையாறு மண்:

தாராளமாக முடியும், தங்கையே. எல்லாம் நடந்துபோகும் தொலைவில்தான் இருக்கின்றன. வெயில் ஏறுவதற்கு முன் கடற்கரையில் தொடங்குங்கள். அவர் வந்திறங்கியதன் நினைவுக்கல் அங்கே இருக்கிறது. அடுத்து டான்ஸ்போர்க் கோட்டை. அங்கிருந்து இராஜ வீதிக்கு வந்தால் புதிய எருசலேம் ஆலயம். முகப்பில் நான்காம் ஃபிரடெரிக்கின் முடிச்சின்னமும் 1718 என்ற ஆண்டும் பொறித்திருப்பதைக் காணலாம். ஆலயத்துக்குள் பலிபீடத்தின் முன்பாகச் சீகன்பால்குவின் கல்லறை உள்ளது. அதே ஆலயத்தில் கிரூண்ட்லரும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். ஆலயம் வழிபாட்டு நேரம் தவிர மற்ற வேளைகளில் பூட்டியிருக்கக்கூடும் என்பதால், கூட்டமாக வருவதாக இருந்தால் முன்கூட்டியே ஆயருக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். வரும் தேதி முடிவானதும் இங்கே எழுதுங்கள், நானும் வந்து உடன் நிற்கிறேன்.